பெரிய எஞ்சின், பழைய சட்டகம்

முதல் நாள்

கோ-கார்ட் எனப்படும் தாழ்ந்த, கூரையற்ற சிறு வண்டி 1956இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸின் கையில் உருப்பெற்றபோது, அதற்கு உயிரூட்டியது புல்வெட்டிக்கென உருவாகி மிஞ்சிப்போன வெஸ்ட் பெண்ட் எஞ்சின். ஆகவே வேறு பணிக்குப் பிறந்த எஞ்சினைப் பொருத்திக்கொள்வது இவ்வண்டியின் பிறவி இயல்பு என்றே கொள்ளலாம். இப்போது மாற்றத்திற்கு நிற்கும் வண்டியில் உள்ளது ஹோண்டா ஜிஎக்ஸ்160. அதன் கொள்ளளவு, அதாவது பிஸ்டன் ஒரு வீச்சில் கடக்கும் இடத்தின் அளவு, 163 சிசி. சமதளத்தில் குறையில்லை, ஏற்றத்தில்தான் திணறுகிறது.

இரண்டாம் நாள்

தேர்வுக்கு இரண்டு எஞ்சின்கள் இருந்தன. 389 சிசி கொண்ட ஜிஎக்ஸ்390இன் முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகிச் சுழற்றும் வலிமை, 26.5 நியூட்டன் மீட்டர் என்பதும், பழைய எஞ்சினுக்கு அது 10.3 மட்டுமே என்பதும் மனத்தை ஈர்க்கக்கூடியவையே. ஆனால் அதன் எடை 31 கிலோவுக்கு மேல், அதாவது பழையதைப் போல் இரு மடங்கு. அடித்தள போல்ட் துளைகள் பொருந்தா. தண்டும் முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலமாகத் தடித்துவிடுவதால் கிளட்ச்சையும் மாற்ற வேண்டும். மாறாக, 196 சிசி கொண்ட ஜிஎக்ஸ்200இல் சிலிண்டர் விட்டம் அதே 68 மி.மீ.; வீச்சு மட்டுமே 45இலிருந்து 54 மி.மீ. ஆக நீள்கிறது. துளைகளும் தண்டும் மாறாமலே முறுக்குவிசை 12.4 ஆக, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உயர்கிறது. மெல்லிய குழாய்களால் பற்றவைக்கப்பட்ட சட்டகத்திற்கு இதுவே உகந்தது.

மூன்றாம் நாள்

எஞ்சின் பெரிதானால் வேகமும் கூடிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. கணக்கு அதற்கு இடம் தருவதில்லை. பழையது, புதியது ஆகிய இரு எஞ்சின்களையும் கவர்னர், அதாவது சுழற்சி எல்லை மீறாதபடி எரிபொருள் வழியைத் தானே குறுக்கும் அமைப்பு, நிமிடத்திற்கு ஏறத்தாழ 3,600 சுற்றுகளில் நிறுத்திவிடுகிறது. கிளட்ச்சில் 10 பற்களும் அச்சிலுள்ள ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் சுற்றும் பற்சக்கரத்தில், 60 பற்களும் இருப்பதால் அச்சு 600 முறை சுழலும், 33 செ.மீ. விட்டமுள்ள டயரில் அது மணிக்கு சுமார் 37 கி.மீ. எஞ்சின் எதுவாயினும் இந்த எண் மாறாது. மாறுவது ஏற்றத்தில் இழுக்கும் வலிமையே. 50 பல் ஸ்ப்ராக்கெட்டைப் பூட்டினால் வேகம் 45ஐ நெருங்கும். ஆயினும் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப இயக்க ஆற்றல் பெருகுவதால், பிரேக் தாங்க வேண்டிய சுமை 44 விழுக்காடு கூடிவிடும். அச்சு உருளையைச் சுற்றி இறுகும் ஒற்றைப் பட்டைப் பிரேக்கை நம்பி, அதிலும் சிறுவர்கள் ஓட்டும் வண்டியில், அச்சுமையை ஏற்றுவது தகாது. 60 பற்களே நிலைக்கட்டும்.

ஐந்தாம் நாள்

பொருத்துதல் அரை நாளில் முடிந்தது. கிளட்ச்சின் பல்லும் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, செயினின் நடுவில் அரை அங்குலத் தொய்வு விட்டு, போல்ட்டுகள் இறுக்கப்பட்டன. புதிய எஞ்சின் எண்ணெயின்றியே பெட்டியில் வருவதால், சுமார் 0.6 லிட்டர் ஊற்றி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி அளவு சரிபார்க்கப்பட்டது. உள்ளே எண்ணெயைச் சிதறியடித்தே பாகங்களுக்கு மசகிடும் இவ்வகை எஞ்சினில், அளவு குறைந்தால் முதலில் தேய்வது பிஸ்டனைத் தண்டுடன் இணைக்கும் அலுமினியக் கோல்.

ஆறாம் நாள்

கவர்னரைக் கழற்றினால் கூடுதல் சுற்றுகள் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் 3,600 சுற்றுகளுக்கென வார்க்கப்பட்ட இரும்புச் சுழல்சக்கரம், ஓட்டுநரின் முதுகுக்கு ஓரிரு சாண் பின்னால் சுழல்கிறது. அது வெடித்துச் சிதறினால் மெல்லிய தகரக் கூடு தடுக்காது. ஆகவே கவர்னர் கழற்றப்படவில்லை. மாலையில் பிரேக் பட்டையின் தேய்மானம் அளக்கப்பட்டு, புதுப் பட்டை மாட்டப்பட்ட பின்னரே எஞ்சின் முதன்முறையாக முடுக்கப்பட்டது.