பனிவெளியில் ஒரு பதிவேடு

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை நீங்கி வாழும் நமக்கு 'மாற்றல்' என்னும் சொல் புதிதன்று. ஆயினும், மாற்றலாணையில் எந்நாளும் இடம்பெறாத ஓரிடத்தில் நம் நாட்டவர் பணிபுரிகின்றனர். அவ்விடம் தென்துருவக் கண்டமாகிய அண்டார்க்டிகா.

டாக்டர் காசிம் தலைமையில் நம் முதற்குழு 1982 சனவரியில் அங்குக் கால் பதித்தது. 1984இல் 'தட்சிண கங்கோத்ரி' நிலையத்தில் பன்னிருவர் முதன்முறையாகக் குளிர்காலத்தைக் கழித்தனர். பனிப்பரப்பின்மேல் அமைந்த அந்நிலையத்தைப் பனியே மெல்ல மெல்ல மூடிற்று. அதனால், பாறை நிலமாகிய ஷிர்மாக்கர் சோலையில் 1989இல் 'மைத்ரி' எழுந்தது. 2012இல் 'பாரதி'யும் வேறிடத்தில் அமைந்தது.

கோடையில் வந்த கப்பல் திரும்பிவிட்டால், அடுத்த கோடை வரை எஞ்சியிருக்கும் சிலரே ஒருவருக்கொருவர் சுற்றம். நடுக் குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு திங்கள் கதிரவன் தலைகாட்டுவதில்லை. அறிவியலாருடன் மருத்துவர், சமையற்காரர், மின்னாக்கி காக்கும் மெக்கானிக் ஆகியோரும் அங்குண்டு. டீசல் மின்னாக்கி நின்றால் வெப்பமில்லை; வெப்பமில்லையேல் உயிருமில்லை. சமையலறைப் பணியில் அனைவரும் முறைவைத்து உதவுகின்றனர்.

ஆண்டெல்லாம் பதிவேடுகளோடு உறவாடும் நம் போன்ற எழுத்தர்க்கு அங்குள்ள மற்றொரு செய்தி நெருக்கமானது. காற்றின் வேகம், வெப்பநிலை, காற்றழுத்தம், புவியின் காந்தப்புலம் ஆகியவற்றை அங்கு இடையறாது குறித்து வருகின்றனர். அலுவலகத்தில் இன்று தேங்கிய கோப்பை நாளை முடிக்கலாம். அங்கோ, தவறிய நேரத்தின் கணக்கை எவராலும் பின்னர் எழுத இயலாது.

நம் தந்தையார் மறைந்த செய்தி தில்லிக்கு எட்டியபோது, விடுப்பு விண்ணப்பத்தைப் பிரிவு அலுவலர் மேசைமேல் வைத்துவிட்டு வண்டியேறினோம். இரண்டு இரவுகள் கடந்து ஊர் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆற்றாமை இன்னும் தணியவில்லை. எனினும், நமக்கு ஏறுவதற்கு ஒரு வண்டியாவது இருந்தது. பனியிருளில் அத்தகைய செய்தி கேட்பவனுக்கு அதுவும் இல்லை. செயற்கைக்கோள் வழியே தாயின் அழுகுரலைக் கேட்கலாம். அருகில் சென்று அவள் கையைப் பற்ற இயலாது. தோழர்கள் சுற்றியமர்ந்து தேற்றுவர். குறிப்பெடுக்கும் வேளை வந்ததும் அவனோ, அவனுக்காக மற்றொருவனோ எழுந்து செல்ல வேண்டும்.

நாள்தோறும் வானொலியில் வானிலை அறிக்கை கேட்கிறோம். அத்தகைய எண்களுக்குப் பின்னே விழித்திருப்போரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.