இரண்டு மணிக்கு விழித்த கம்ப்யூட்டர்

லம்பா லைனில் விமானச் சத்தத்துக்கு யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு அது காக்கை கத்துவது மாதிரி. அன்று இரவு அவரை எழுப்பியது வேறு சத்தம். முன்னறையில் கம்ப்யூட்டரின் விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஒன்பது மணிக்கே தன் கையால் தூங்க வைத்த இயந்திரம். இப்போது மணி இரண்டு. மனைவி போய் மூன்று வருடமாகிறது. வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறிய குடும்பம். தீவுகளுக்கு இணையம் செயற்கைக்கோள் வழியாக மட்டும் சொட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவருக்கு இந்தப் பயமெல்லாம் இருந்ததில்லை. ஒரு புகைப்படம் போய்ச் சேர்வதற்குள் டீ ஆறிவிடும். திருட வந்தவனே சலித்துத் திரும்பியிருப்பான். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலுக்கடியில் வரும் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர், 1,224 கோடி ரூபாய். வேகம் வந்தது. கூடவே இதுவும்.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனைக் கூப்பிட்டார். அவன் விண்டோஸின் பதிவேட்டைத் திறந்து காட்டினான். 4624, 4624 என்று பக்கம் பக்கமாக ஒரே எண். "அப்படின்னா யாரோ வெற்றிகரமா உள்ளே நுழைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, கிரிக்கெட் ஆடப் போய்விட்டான்.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவு கம்ப்யூட்டர் ஒன்றிலேயே கள்ள மென்பொருள் புகுந்ததை அணுமின் கழகம் 2019இல் ஒப்புக்கொண்டது. தன் வீடு எம்மாத்திரம்? அதைவிட அவரை உலுக்கியது திருச்சிப் பக்கத்து விரகலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமியின் கதை. 2020 அக்டோபரில் ராஞ்சியில் கைதான அந்த முதிய பாதிரியார், 2021 ஜூலையில் காவலில் இருக்கும்போதே மும்பை மருத்துவமனையில் இறந்தார். அவரது கம்ப்யூட்டரின் நகலை ஆராய்ந்த ஆர்சனல் என்ற அமெரிக்க நிறுவனம், 2014 முதல் 2019 வரை யாரோ அதற்குள் இருந்து ஆவணங்களைப் போட்டுவைத்ததாக 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. இத்தகைய அறிக்கைகளை அரசுத் தரப்பு ஏற்கவில்லை. ஆனால் எடுத்துக்கொண்டு போகிறவன்தான் திருடன் என்று நினைத்திருந்தவருக்கு, வைத்துவிட்டுப் போகிறவனும் உண்டு என்பது புதிது.

கணக்குப் பார்த்த கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தானே படிக்க உட்கார்ந்தார். 4624 என்ற எண் மனிதர்களுக்கு மட்டுமானதல்ல. விண்டோஸின் உள்வேலைகள் ஒவ்வொன்றும் கதவைத் தட்டி நுழையும்போதும் அதே எண்தான் விழுகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வகையைப் பார்க்க வேண்டும். 5 என்றால் உள்வேலை. 2 என்றால் எதிரே உட்கார்ந்து திறந்தவர். 10 என்றால் விண்டோஸின் தொலைத்திரை வழியாக வந்தவர். இவரிடம் இருந்தவை பெரும்பாலும் 5. 10 ஒன்றுகூட இல்லை. இரவு இரண்டு மணி மர்மமும் உடைந்தது. தானாகப் பராமரிப்பு செய்துகொள்ள விண்டோஸ் வழக்கமாக வைத்திருக்கும் நேரமே அதுதான். தேவைப்பட்டால் தூங்கும் இயந்திரத்தை எழுப்பியும் கொள்ளும். அன்று நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை சென்னையிலிருந்து மகன் பேசினான். பேச்சுவாக்கில், "வீட்டை அத்தை பேருக்கு எழுதப் போறீங்களாமே?" என்றான்.

அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மனைவி படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் கூடவே இருந்தவள் தங்கை. அவளுக்கு ஒரு கடிதம், பாதி அடித்து, கம்ப்யூட்டரில் கிடக்கிறது. அவ்வளவுதான்.

இந்தத் தடவை பதிவேட்டுக்குப் போகவில்லை. நிறுவப்பட்ட புரோகிராம்களின் பட்டியலுக்குப் போனார். தூரத்திலிருந்து இயக்கும் புரோகிராம் ஒன்று, 2021ஆம் வருடத் தேதியோடு இருந்தது. கொரோனா நேரம். மின்கட்டணமும் வங்கி வேலையும் தானே பார்ப்பதாக மகன் சொல்ல, இவர்தான் போனில் எண்ணை வாசித்துக் காட்டி, கேட்காமலே நுழைய ஒரு நிரந்தர பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தார். இதே மாதிரி புரோகிராம்களை வைத்து ஏமாற்றுக்காரர்கள் பணம் பறிப்பதாக ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்திருந்தது. அந்நியனிடம் எண்ணைச் சொல்லாதே என்பது அவருக்கும் தெரியும். இவன் அந்நியனில்லையே.

2000ஆம் வருட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவையும் தேடிப் படித்தார். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழைந்தால் இழப்பீடு கொடுக்க வேண்டும். அனுமதி இவர் கொடுத்ததுதான். ஆனால் கொடுத்தது கரண்ட் பில்லுக்கு, கடிதத்துக்கு அல்ல. மகன் மேல் புகாரா கொடுக்க முடியும்? பாஸ்வேர்டை மட்டும் மாற்றினார்.

அடுத்த சனிக்கிழமை மகன் கேட்டான்: "அப்பா, உள்ளே போக முடியலையே. கம்ப்யூட்டர்ல கோளாறா?"

"கோளாறு இல்லைடா. மாத்திட்டேன்."

"எதுக்குப்பா?"

"பில் கட்டணும்னா போன் பண்ணு. உக்காந்து திறந்து விடறேன். நீ முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருப்பேன்."

விமானம் ஒன்று இறங்கியது. சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு மகன்தான் கேட்டான்: "அத்தை எப்படி இருக்காங்க?"

கடிதம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. மீதியை அவர் பேனாவில் எழுதிக்கொண்டிருக்கிறார்.