உரைகல்லில் நிற்கும் கோடு

மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைக்கடைகளின் முகப்பு எல்லோருக்கும் தெரியும். பட்டறைகள் பக்கத்துச் சந்துகளில், குறுகிய மாடிப்படிகளுக்கு மேலே இருக்கின்றன. நான் போயிருந்த பட்டறையில் வயதான ஆசாரி ஒருவர் உரைகல்லைத் துடைத்து வைத்திருந்தார்.

“பாருங்க தம்பி” என்று இரண்டு கோடு இழுத்தார். ஒன்று வளையல், மற்றது பித்தளைத் திருகாணி. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே மஞ்சள். கண்ணாடிக் குச்சியால் வெடியுப்புத் திராவகத்தை, அதாவது நைட்ரிக் அமிலத்தை, தொட்டு வைத்தார். பித்தளைக் கோடு நுரைத்துப் பச்சையாகிக் கரைந்தே போனது. தங்கக் கோடு அசையவில்லை.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். நைட்ரிக் அமிலம் இரண்டையும் கரைத்துவிடும். அந்தப் பச்சை செம்பு விட்டுப்போன நிறம். தங்கம் தன் எலக்ட்ரானை லேசில் விடாது. நைட்ரிக் தனியாக வந்தாலும் ஹைட்ரோகுளோரிக் தனியாக வந்தாலும் தோற்கும். ஒன்றுக்கு மூன்றாகக் கலந்தால் ராஜதிராவகம்: நைட்ரிக் எலக்ட்ரானைப் பிடுங்கும், குளோரைடு அந்தத் தங்கத்தை மறுபடி உலோகமாக விடாமல் பிடித்துக்கொள்ளும். 1940-ல் கோபன்ஹேகனில் வேதியியலாளர் ஹெவெசி, நாஜிகள் கைக்குப் போகாமலிருக்க இரண்டு நோபல் பதக்கங்களை இதில்தான் கரைத்து வைத்தார். போருக்குப் பின் அந்தத் தங்கம் மீண்டும் பதக்கமானது.

“பித்தளையைச் சின்னப் பையன்கூடச் சொல்லிருவான். மாத்துப் பாக்குறதுதான் வேலை” என்றார் பெரியவர். 22 காரட்டில் தங்கம் 91.6 விழுக்காடு, 18 காரட்டில் 75. மாற்று தெரிந்த ஆணியைப் பக்கத்தில் உரசி, திராவகம் பட்டபின் எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்று ஒப்பிடுகிறார். முலாம் கனமாக இருந்தால் கல் ஏமாறும். அரத்தால் ராவி உள்ளே பார்க்க வேண்டும். இப்போது வந்திருக்கும் எக்ஸ்ரே கருவியும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது, அதையும் கன முலாம் ஏய்த்துவிடும். மதுரைக்காஞ்சி இந்த ஊர்க் கடைத்தெருவில் பொன்னை உரைத்துப் பார்ப்பவர்களைச் சொல்கிறது. அந்தத் தொழில் இன்னும் இங்கே கண்ணையும் கையையும் நம்பி நடப்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அடுத்த அறையில் பார்த்ததைப் பெருமையோடு எழுத முடியாது. பழைய நகையிலிருந்து தங்கத்தைப் பிரிக்க, அதற்கு மூன்று பங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, நைட்ரிக்கில் காய்ச்சுகிறார்கள். வெள்ளி குறைந்தால் அமிலம் உள்ளே நுழையாது. வெள்ளியும் செம்பும் கரைய, தங்கம் பழுப்புத் தூளாக அடியில் தங்கும். அப்போது செம்பழுப்பாக எழுகிற புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதை மூச்சில் இழுத்தால் தொண்டை கொஞ்சம் எரிந்து அடங்கிவிடும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம், உயிரே போகலாம். அங்கே இருந்தது ஒரு ஜன்னல் மட்டும். காய்ச்சுகிற இளைஞர் முகத்தில் துண்டு கட்டியிருந்தார். துணி இந்த வாயுவைத் தடுக்காது. “பழகிருச்சுண்ணே” என்றார். நுரையீரல் இதற்குப் பழகாது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு ஒன்றைத் தெருவுக்குப் பொதுவாகவாவது வைத்துத்தர வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர்கள் இந்தக் கைகளால் லாபம் பார்க்கும் கடைக்காரர்கள்.

கரைசலில் செம்புத் தகட்டைப் போட்டதும் வெள்ளி பொடியாகப் பிரிந்து விழுந்தது. மிஞ்சிய நீலத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. சுண்ணாம்பு கலந்தால் அமிலம் அடங்கி, செம்பும் பெரும்பாலும் அடியில் படிந்துவிடும் என்றேன். பெரியவருக்கு அது தெரிந்தே இருந்தது. “சுண்ணாம்பு வாங்கிரலாம் தம்பி, தொட்டி வைக்க இடம் எங்க இருக்கு?” என்று அறையைச் சுற்றிக் கை காட்டினார்.