கையொப்பமும் லைக்கும்

எழுதியவனே தன் புத்தகத்தை முகநூலில் கூவி விற்கலாமா, அது கௌரவக் குறைச்சல் இல்லையா என்று நம் ஜெயங்கொண்டத்து நண்பர்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, சொந்தச் செலவில் 300 பிரதி அச்சடித்தவர்கள். அதில் 50 பிரதி சொந்தபந்தங்களுக்கு இலவசமாகப் போயிருக்கும். மீதி கட்டிலுக்கடியில் கரையானுக்காகக் காத்திருக்கிறது.

கௌரவம் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது உ.வே.சா. அவர்களின் கதையை. தமிழ்த் தாத்தா நமக்கு அந்நியர் இல்லை. சிறுவயதில் அரியலூரிலும் குன்னத்திலும் இருந்து படித்தவர். சீவக சிந்தாமணியை அச்சிட முனைந்தபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் சம்பளம் போதுமா? "நூல் வெளிவந்தால் வாங்கிக்கொள்கிறேன்" என்று பிரமுகர்களிடமும் தெரிந்தவர்களிடமும் முன்கூட்டியே கையொப்பம் வாங்கினார். 1887ல் புத்தகம் வந்தது. அப்படிப்பட்ட மகாவித்வானே நேரில் போய்க் கேட்டிருக்கிறார். நாம் உட்கார்ந்த இடத்தில் கைப்பேசியைத் தட்டுவதற்குக் கூச்சப்படுகிறோம்.

பாரதியும் கேட்டுப் பார்த்தார். 1920ல் தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டு, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். பலிக்கவில்லை. மறு வருடம் செப்டம்பரில் போய்விட்டார். அவர் கையில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்திருந்தால் என்று நான் நினைப்பதுண்டு. சிரிக்காதீர்கள், உண்மையாகவே நினைப்பதுண்டு.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்துக் கதைகளும் கொஞ்சம் தெரியும். விளம்பரத்தை அங்கே 'ரெக்லாம்' என்பார்கள். எமில் ஸோலா 1862ல் பாரிஸில் அஷெத் என்ற பதிப்பகத்தில் புத்தகக் கட்டுகளை அனுப்பும் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பிறகு விளம்பரப் பிரிவுக்கே தலைவரானார். தன் முதல் கதைத் தொகுப்பு வந்தபோது பத்திரிகைக்காரர்களுக்குத் தானே கடிதம் எழுதித் தள்ளினார். குமாஸ்தா ஜாதி அல்லவா, கடிதம் எழுத அலுக்காது. மார்செல் ப்ரூஸ்த் இன்னும் ஒரு படி மேலே போனார். 1913ல் தன் நாவலின் முதல் பாகத்தைச் சொந்தச் செலவில் வெளியிட்டவர், அதைப் புகழ்ந்து தானே எழுதி, கையெழுத்து தெரியாமல் இருக்கத் தட்டச்சு செய்யச் சொல்லி, காசு கொடுத்துப் பத்திரிகைகளில் போட ஏற்பாடு செய்தார். 2017ல் அந்தக் கடிதங்கள் ஏலத்துக்கு வந்தபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. போலிப் பெயரில் கணக்கு திறந்து தன் நூலுக்குத் தானே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்ளும் இன்றைய ஆட்களுக்கு அவர்தான் முன்னோடி. நாவல் மகத்தானது, அதில் சந்தேகமில்லை. அந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

நண்பர் ஒருவர், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நம் பக்கத்து முந்திரிக்காடுகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அட்டைப் படத்தையும் விலையையும் முகநூலில் போட்டார். 214 லைக். "வாழ்த்துகள் ஐயா", கூப்பிய கைகள், பூங்கொத்துகள். விற்றது மூன்று பிரதி. அதில் ஒன்று என்னுடையது. மனுஷன் ஒடிந்துபோனார். "214 பேரும் பொய்யா சொன்னாங்க சார்?" என்று கேட்டார். பொய் சொல்லவில்லை. லைக் என்பது எதிரில் வருகிறவருக்கு வைக்கும் வணக்கம். கையொப்பம் என்பது கடன்பத்திரம். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்கக்கூடாது.

அவரிடம் நான் சொன்னது, "அட்டையைக் காட்டாதீர்கள், உள்ளே இருப்பதைக் காட்டுங்கள்." அந்த நூலில் ஒரு பக்கம் உண்டு. கொட்டையைத் தகரத்தில் போட்டு வறுத்து உடைக்கும்போது அதன் பால் பட்டு அவருடைய அம்மாவின் விரல்கள் வெந்து கறுத்துப் போயிருந்ததைப் பற்றி. அதை மட்டும் அப்படியே தட்டச்சு செய்து போடச் சொன்னேன். விலை வேண்டாம், வாங்குங்கள் என்ற வார்த்தையும் வேண்டாம். அன்று ராத்திரியே சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் எழுத ஆரம்பித்தார்கள். "எங்க அப்பாயி கையும் அப்படித்தான் இருக்கும்" என்று ஒருவர். "பள்ளிக்கூடத்தில் கைரேகை இல்லையே என்று வாத்தியார் கேட்டார்" என்று ஒரு பெண். புத்தகம் எங்கே கிடைக்கும் என்று அவர்களே கேட்டார்கள். வாரம் ஒரு பக்கம் வீதம் போட்டோம். இரண்டு மாதத்தில் 86 பிரதி.

எல்லாவற்றையும் இலவசமாகப் போட்டுவிட்டால் யார் வாங்குவார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. ஜெயமோகன் 2014 ஜனவரியில் தொடங்கி 2020 ஜூலை வரை வெண்முரசை ஒவ்வொரு நாளும் தன் இணையதளத்தில் இலவசமாகவே கொடுத்தார், 26 நாவல்கள். அதே நாவல்களின் கெட்டி அட்டைச் செம்பதிப்புக்கு முன்பதிவு செய்து, ஆசிரியர் கையொப்பத்துடன் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வாங்குகிறவர் கையொப்பம் போட்டார், இன்றைக்கு எழுதியவர் போடுகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கவனிக்க வேண்டியதும் உண்டு. முகநூலில் நாம் போடுவது நம் நண்பர்கள் எல்லோர் கண்ணிலும் படுவதில்லை. எதைக் காட்டுவது என்பதை அந்த இயந்திரம் தீர்மானிக்கிறது. வந்து எழுதுகிறவர்களுக்கு உடனே, பெயர் சொல்லிப் பதில் எழுதினால் பேச்சு நீளும், இன்னும் பலருக்குப் போகும். அடுத்தவர் பெயரைக் கேட்காமல் கோத்துவிடுவது, கல்யாண வீட்டுக் குழுவில் புத்தகத்தை அனுப்புவது, இதெல்லாம் எரிச்சல்தான் தரும்.

நண்பரின் நூலில் ஒரு பங்காளித் தகராறும் வருகிறது. அதைப் போட வேண்டாம் என்று தடுத்தேன். துண்டாகக் கிழித்த ஒரு பக்கம் எங்கெல்லாம் பறக்கும் என்று சொல்ல முடியாது. 2010ல் வந்த மாதொருபாகனுக்கு 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் நடுவில் போன நாட்களை யார் திருப்பித் தருவது?

இப்போது அவருக்கு நான்தான் எழுத்தர். பழைய தன்பதிவேடு மாதிரி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். கேட்ட தேதி, பெயர், விலாசம், பணம் வந்த தேதி, அனுப்பிய தேதி. கேட்டுவிட்டுப் பத்து நாள் பணம் அனுப்பாதவருக்கு ஒரே ஒரு நினைவூட்டு, மரியாதையாக. பாதிப் பேர் மறந்துதான் போயிருக்கிறார்கள், உடனே அனுப்பிவிடுகிறார்கள்.

தபால் செலவுதான் கையைக் கடித்தது. பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 மே மாதத்திலிருந்து 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. நூலில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் அச்சாகியிருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷார்ஜாவுக்கு இது உதவாது. லீவில் ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் பெட்டியில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், நாலைந்து பிரதி வைத்து அனுப்புகிறோம்.