வெட்டினால்தான் உள்ளேயா?

தாயக் கட்டத்தைத் தரையில் வரைந்து முடித்ததும், கட்டையை உருட்டுவதற்கு முன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. "வெட்டினாத்தான் உள்ளேயா, வெட்டாமலும் போகலாமா?" பதுளைப் பக்கத்துத் தோட்ட லயங்களின் இஸ்தோப்புகளில் கரித்துண்டால் கட்டம் கீறி ஆடிய காலத்தில், இக்கேள்விக்கு விடை காணாமல் நாங்கள் ஆட்டத்தைத் தொடங்கியதில்லை. சிறுபிள்ளைகளின் சச்சரவு என்றே பெரியவர்கள் அதை எண்ணினார்கள். பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ சட்டமூலங்களையும் ஒப்பந்தங்களையும் வரிவரியாக வாசித்த பின்னர், அந்தச் சச்சரவின் பெறுமதி எனக்கு விளங்குகின்றது.

தாயம் அறியாத இளைய வாசகர்களுக்காகச் சிறு விளக்கம். காய்கள் வெளிக்கட்டங்களைச் சுற்றிவந்து, உட்கட்டங்களுக்குள் நுழைந்து, நடுவில் பழமாக வேண்டும். எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் நமது காய் விழுந்தால் அது வெட்டு. வெட்டுப்பட்ட காய் தொடக்கத்துக்கே திரும்பும். குறுக்குக் கோடிட்ட 'மலை'யில் நிற்கும் காயை வெட்ட முடியாது. வெட்டுப்பட்ட காய் மறுபடி இறங்குவதற்குத் தாயம், அதாவது ஒன்று, விழவேண்டும். பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளியிட்ட இரு கட்டைகளை உருட்டினால் வரக்கூடிய 16 விழுக்காடுகளில் இரண்டு மட்டுமே தாயம். எட்டுக்கு ஒன்று. வெட்டுப்படுவது எவ்வளவு பெரிய நட்டம் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இனி அந்த வழக்குக்கு வருவோம். வெட்டாமலும் உள்ளே போகலாம் என்று தீர்ப்பானால், காய்கள் யாத்திரிகர்களைப் போல மலைக்கு மலை தங்கித் தங்கிச் செல்லும். ஆட்டம் நிதானமாக, பேச்சும் சிரிப்புமாக நகரும். ஒரு வெட்டாவது வெட்டினால்தான் உள்ளே என்று தீர்ப்பானால், அதே திண்ணையில் அதே மனிதர்கள் வேறு மனிதர்கள் ஆகிவிடுவார்கள். மலையில் ஒதுங்கி நிற்பதால் பயனில்லை. பயந்தவரும் வேட்டைக்கு இறங்கியே தீரவேண்டும். பேரப்பிள்ளையின் காயைத் துரத்தித் துரத்தி வெட்டும் பாட்டியை நான் கண்டிருக்கிறேன். கட்டமும் மாறவில்லை, கட்டையும் மாறவில்லை. விதியில் ஒரேயொரு வரி மாறியது.

இந்த நினைவுகளைக் கிளறிவிட்டது எல்லவில் கண்ட ஒரு காட்சி. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க உலகமே திரண்டு வரும் ஊர் அது. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட பாலம். 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை. தேயிலை இறக்குவதற்காக அமைத்த பாதை இன்று உல்லாசப் பயணிகளை இறக்குகின்றது. மழை பிடித்துவிட்டால் விடுதி மேசைகளில் விளையாட்டுகள் விரியும். அப்படியொரு விடுதியில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர் ஒருவர், விருந்தினரோடு அமர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தார்.

வேடமேற்று ஆடும் மேசை விளையாட்டுகளுக்கு அதுவே தாய். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் 1974இல் வெளியிட்டது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் வீரனாக, மந்திரவாதியாக, திருடனாகப் பேசி நடப்பார்கள். ஐயம் வரும் இடத்தில் கட்டை உருளும். பாதாள அறைகளில் பூதங்களும் புதையலும் காத்திருக்கும்.

அந்த இளைஞர் சொன்னது என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. "போன மாசம் வந்தவங்க பழைய புத்தகம் வச்சிருந்தாங்க சேர். ஒரு கதவத் தொறக்கவே ஒரு மணித்தியாலம். காது வச்சிக் கேட்டாங்க, கம்பால குத்திப் பாத்தாங்க. இப்ப வந்தவங்க புதுப் புத்தகம். கதவ ஒடச்சிட்டு நேரா சண்டதான்." ஏன் அப்படி என்று கேட்டேன். "பழசுல சண்ட போட்டா ஒண்ணும் பெருசா கெடைக்காது சேர்" என்றார்.

அவர் கணக்கு மிகச் சரியானது. 1981ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு போர்வீரன் இரண்டாம் படிக்கு உயர 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். ஒரு பொற்காசைக் கரைசேர்த்தால் ஒரு புள்ளி. கொப்ளின் எனப்படும் குட்டிப் பூதத்தைக் கொன்றால் ஐந்து புள்ளி மட்டுமே. நானூறு பூதங்களோடு மோதிச் சாவதைவிட, அவற்றுக்குத் தெரியாமல் புதையலைக் கவர்ந்து வருவதே புத்தி. ஆகவே அந்த ஆட்டக்காரர்கள் பதுங்கினார்கள், பேரம் பேசினார்கள், தேவையானபோது வெட்கமின்றி ஓடினார்கள்.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு, பொன்னுக்குப் புள்ளி கொடுப்பதை விரும்பினால் கொள்ளலாம் என்ற விதியாக ஒதுக்கியது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், தடைகளை, பெரும்பாலும் பகைவர்களை, வெல்வதே புள்ளிக்கு வழியாயிற்று. 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் இரண்டாம் படிக்கு 300 புள்ளிகள். ஒரு கொப்ளினுக்கு 50. ஆறே ஆறு பூதங்கள்! கதவு உடையாமல் என்ன செய்யும்? புள்ளிக் கணக்கையே கைவிட்டு, கதை ஒரு திருப்பத்தை எட்டும்போது எல்லோரையும் படியேற்றும் மேசைகளும் உண்டு. அங்கே ஆடுபவர்கள் கதையைத் துரத்துகிறார்கள். அதுவும் விதியின் வேலையே.

1981இல் வெளிவந்த கோல் ஆஃப் கதுலு என்ற ஆட்டத்தில் சித்தத் தெளிவுக்கே புள்ளி உண்டு. கோர உருவங்களைக் கண்டாலே அது தேயும். அதில் வீரம் பேசுவோர் வெகு சீக்கிரம் சித்தம் கலங்கிப்போவார்கள். ஏடுகளைத் துழாவித் துப்பறிகிறவர்களே நின்று பிடிக்கிறார்கள்.

வேடமேற்று ஆடுவது நமக்குப் புதிதா? மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் கம்பம் நட்டு, விரதமிருந்து, தப்பு முழங்க ஆடும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கும் விதிகள் உண்டு. மரபில் ரதியாகவும் ஆணே ஆடுவார். ஆனால் அங்கே முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள். வெல்வதற்கு அதில் எதுவுமில்லை. ஆகவே ஆட்டத்தின் முழுப் பலமும் அந்தப் புலம்பலுக்குள் போய்ச் சேர்கின்றது. மன்மதன் தப்பிக்க ஒரு கட்டையை உருட்டலாம் என்று விதி வைத்திருந்தால், கூட்டம் கட்டையைப் பார்த்திருக்கும், ரதியைப் பார்த்திராது.

விதி ஒன்றை வாசிக்கும்போது, அது எதைத் தடுக்கிறது என்றே நாம் முதலில் தேடுகிறோம். எதற்குக் கூலி கொடுக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. மனிதர்கள் கூலி கிடைக்கும் பக்கமாகவே சாய்வார்கள். அது அவர்களின் குணக்கேடு அன்று.

கொழுந்து மடுவத்துத் தராசின் முன் நின்ற எவருக்கும் இது புத்தகம் படித்துத் தெரியவேண்டிய செய்தியல்ல. குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர். நிறையை மட்டும் பார்த்தால் முற்றிய இலையும் கூடைக்குள் விழும். பிறகு கொழுந்து தரமில்லை என்று பறித்தவளுக்கே ஏச்சு விழும். கையைக் குறை சொல்கிறார்கள், தராசை எவரும் குறை சொல்வதில்லை. எந்த நிறைக்கு முழுப்பேர் என்று தீர்மானிக்கும் மேசையில் பறிப்பவளுக்கு நாற்காலி போட்டதை நான் பார்த்ததில்லை.

இதனாலேயே விளையாட்டு மேசையை நான் சிறிதாக மதிப்பதில்லை. விதியை ஆடப்போகிறவர்களே கூடிப் பேசி, வேண்டாததை நீக்கி, வேண்டியதைச் சேர்க்கும் அபூர்வமான இடம் அது. அந்த எல்ல இளைஞர் இப்போது நண்பர்களுக்குத் தமிழிலேயே கதை நடத்துகிறாராம். புள்ளி எதற்கு என்று கேட்டேன். "அத இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம் சேர். பேசி முடிச்சாத்தான் ஆட்டம்" என்றார்.