மோலியாகல் காட்டில்

மெல்பர்ன் நகரத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில், டனோலி என்னும் சிற்றூரைத் தாண்டி, மேய்ச்சல் நிலங்களுக்கும் அயர்ன்பார்க் மரக்காடுகளுக்கும் நடுவே செல்லும் சாலையில் சற்று நேரம் பிரயாணம் செய்தால் மோலியாகல் வந்துவிடுகிறது. 1850-களில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடாரமடித்துத் தங்கி, கடைகளும் மதுச்சாலைகளும் கொல்லுப்பட்டறைகளுமாக இரவும் பகலும் கலகலத்துக் கிடந்த அந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பவை ஒரு தேவாலயமும், பழைய பள்ளிக்கூடக் கட்டிடமும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளுமே. ஆஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களில் தனித்து வாழ்ந்த குடும்பங்களுக்கு ஆகாய மார்க்கமாக வைத்தியரை அனுப்பும் ஸ்தாபனத்தை நிறுவிய ஜான் ஃப்ளின் 1880-இல் இந்த ஊரில்தான் பிறந்தார்.

என்னை அங்கே அழைத்துச் சென்ற சிநேகிதர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்பர்னில் குடியேறிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் உலோகம் காட்டும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்தக் காடுகளுக்கு வந்துவிடும் அவரிடம் 'மைனர்ஸ் ரைட்' என்னும் உரிமைச் சீட்டு இருந்தது. பத்து வருஷம் செல்லுபடியாகும் சாதாரணக் காகிதம்தான் அது. ஆனால் அதன் பூர்வ சரித்திரம் சாதாரணமானதல்ல. தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதலில் மாதத்துக்கு 30 ஷில்லிங்காக விதிக்கப்பட்ட வரியைக் கட்டியாக வேண்டும் என்று அரசாங்கம் வற்புறுத்தி, கட்டாதவர்களைப் போலீசார் குழிகளுக்குள்ளேயே தேடிப் பிடித்த கொடுமையைப் பொறுக்கமாட்டாமல், பல்லாரட் நகரத்தில் யுரேகா என்ற இடத்தில் தடுப்பரண் எழுப்பிக் கிளர்ச்சி செய்த தொழிலாளர்களை 1854 டிசம்பர் 3-ஆம் தேதி விடியற்காலையில் படை தாக்கியது. இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மறுவருஷமே அந்த வரி ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டணத்தில், வாக்குரிமையையும் சேர்த்து அளித்த இந்தச் சீட்டு பிறந்தது. அவ்வளவு பேருடைய ரத்தத்தின் விலையாகக் கிடைத்த உரிமையைச் சிநேகிதர் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அனுமதியுள்ள அரசுக் காட்டுப் பகுதியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம். வாட்டில் மரங்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்த வசந்த காலம். "நல்லாப் பாத்து நடவுங்கோ, அண்ணை, இலை மூடின குழியள் கனக்க இருக்கு" என்று சிநேகிதர் எச்சரித்தது எவ்வளவு அவசியமானது என்பது பத்தடி போவதற்குள் விளங்கியது. எங்கு பார்த்தாலும் பள்ளமும் மண்மேடுமாக, சமதரை என்பதே அபூர்வமாக இருந்தது. ஓரிடத்தில் வட்டமான அகழி ஒன்று தெரிந்தது; செக்குமாடு சுற்றுவதைப் போல ஒரு குதிரை ஓயாமல் சுற்றிவர, களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த தொட்டி அது. மரங்களையும் கவனித்தேன். ஒரே அடிக்கட்டையிலிருந்து மூன்றும் நான்குமாகக் கிளைத்து எழுந்த மெலிந்த தண்டுகளே பெரும்பாலும் காணப்பட்டன. சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கவும் அடுப்பெரிக்கவும் ஆதிமரங்களை அடியோடு வெட்டிவிட்டபடியால், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்த காடு இது. முதிர்ந்த மரங்களின் பொந்துகளை நம்பி வாழ்ந்த பறவைகளுக்கும் சிறு பிராணிகளுக்கும் இன்றுவரை அந்த நஷ்டம் ஈடாகவில்லை. இந்தப் பூமிக்கு உரியவர்களான ஜா ஜா வுர்ரங் மக்கள் இதனைத் தலைகீழாகப் புரட்டப்பட்ட நாடு என்று குறிப்பிடுகிறார்கள்; மேல்மண் அடியிலும் அடிமண் மேலுமாகக் கிடக்கும் அந்தத் தரையில் நின்றபோது அதைவிடப் பொருத்தமான வர்ணனை எனக்குத் தோன்றவில்லை.

நம்மவர்களுக்குத் தெரிந்த தங்கவயல் கோலார்தான். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்து, 2001-இல் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்கள் பாறைக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போயின. அங்கே ஊரின் நடுவில் நிற்பவை தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள். மோலியாகலிலோ பெருஞ்செல்வம் தரையின் மேற்பரப்பிலேயே கிடந்தது. கார்ன்வாலிலிருந்து வந்து இப்பகுதியில் பல வருஷங்கள் பாடுபட்ட ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்னும் இருவரில், டீசன் 1869 பிப்ரவரி 5-ஆம் தேதி ஒரு மரத்தின் வேரடியில் மண்ணைக் கிளறியபோது, சுமார் மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் அவருடைய கருவி எதன்மீதோ மோதியது. 61 சென்டிமீட்டர் நீளமுள்ள பொற்பாளம் அது. சுத்தத் தங்கம் மட்டுமே 72 கிலோ. டனோலி பாங்கியின் தராசில் அடங்காமையால் பட்டறைக் கல்லின்மேல் வைத்து அதைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' என்று உலகம் அழைக்கும் அந்தப் பாளத்தை முழு உருவத்தில் யாரும் புகைப்படம் எடுத்துவைக்கவில்லை. பார்த்தவர்கள் ஞாபகத்திலிருந்து வரைந்த சித்திரங்களே மிஞ்சின.

அந்த இடத்தில் ஸ்தூபி நிற்கிறது. நாங்கள் அதைப் பார்த்துவிட்டு, வேறொரு சரிவுக்குப் போய்க் கருவியை இயக்கினோம். அதன் நுனியில் உள்ள வட்டமான கம்பிச்சுருளில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாகப் பாய்கிறது. ஒவ்வொரு துடிப்பும் நின்ற மறுகணம், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் அது தூண்டிவிட்ட சுழல் மின்னோட்டம் தேய்ந்து மறைவதற்குள் எழுப்பும் மிக நுட்பமான காந்தவிசையைக் கருவி கவர்ந்து, காதில் ஓசையாக ஒலிக்கச் செய்கிறது. குண்டடிபட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலில் தங்கிவிட்ட குண்டைத் தேடுவதற்காக 1881-இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் அமைத்த கருவியும் இதே குலத்தைச் சேர்ந்ததே. இந்தப் பிரதேசத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து மிகுதியாகையால் மண்ணே உலோகம்போல் ஒலித்து ஏமாற்றும்; அந்த ஓசையை நீக்கிவிட்டுப் பொன்னின் ஓசையை மட்டும் பிரித்துக் கேட்கும் துடிப்புக் கருவிகளை அடிலெய்டு நகரத்து மைன்லேப் கம்பெனி 1990-களில் செய்து விற்கத் தொடங்கியபின், நூறு வருஷம் கைவிடப்பட்டுக் கிடந்த பள்ளத்தாக்குகளில் மறுபடி ஜனநடமாட்டம் உண்டாயிற்று. அதற்கு முன்பே 1980-இல், இங்கிருந்து வெகுதூரமில்லாத கிங்கோவரில் கெவின் ஹில்லியர் என்பவர் உலோகம் காட்டும் கருவியின் துணையால் 27 கிலோ எடையுள்ள பாளத்தைக் கண்டெடுத்தது இன்றும் இங்கே வருகிறவர்கள் எல்லாரையும் தூண்டும் விஷயம்.

எங்களுக்கு முதலில் ஒலித்தவை ஈயக் குண்டுகள். பிறகு சதுரமான தண்டுள்ள பழைய ஆணிகள், தகர டப்பாவின் துருப்பிடித்த மூடி. பிற்பகலில் சிநேகிதருக்கு நெல்மணியளவு தங்கம் கிடைத்தது. மண் ஒட்டியிருந்தும் துளியும் மங்காத அதன் நிறத்தைக் கண்டு நான் அயர்ந்துபோனேன். ஆனால் அன்று என் மனத்தை ஆட்கொண்டது அதற்குச் சற்று முன்னால் அகப்பட்ட பொருள்: பூட்ஸின் குதிகாலில் அடிக்கும் இரும்பு லாடம். ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தது. அதை அணிந்தவன் காலை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்தான் என்றுகூட அந்தத் தேய்மானம் சொல்லிற்று. டீசனும் ஓட்ஸும் ஐசுவரியம் பெற்றுச் சரித்திரத்தில் இடம் பிடித்தார்கள். அவர்களைச் சூழ்ந்து தோண்டிய எண்ணற்ற ஏழைகளைப் பற்றி எழுத்து மூலமான சாட்சியம் சொற்பம். சீனத் தொழிலாளர்களை எடுத்துக்கொண்டால், 1855-இல் விக்டோரியா அரசாங்கம் அவர்களுக்குத் தலைக்குப் பத்துப் பவுன் வரி விதித்தபடியால், பக்கத்து மாகாணத்தில் ரோப் என்னும் துறைமுகத்தில் இறங்கி, 400 கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தைச் சுமையோடு நடந்தே கடந்து வந்தார்கள். அத்தகைய பிரயாசைப்பட்டவர்களின் பெயர்கள் நமக்கு எங்கே தெரியும்? இரும்புத் துண்டும், நடுவில் சதுரத் துளையிட்ட சீனக் காசும், இடுப்புப் பட்டையின் பாம்பு வடிவக் கொக்கியுமே இந்த ஏழைகளுக்கெல்லாம் எஞ்சிய கல்வெட்டுகள்.

சிநேகிதர் லாடத்தைப் படமெடுத்து, இருந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கிடந்தபடியே வைத்து மண்ணால் மூடி, காலால் மிதித்துச் சமன் செய்தார். கையால் பிடிக்கும் கருவிகளைத் தவிர வேறெதுவும் கூடாது என்பதும், தோண்டியதை மூடிவிட வேண்டும் என்பதும் அந்தச் சீட்டின் நிபந்தனைகள். தாதுப்பொருளை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் அது, புராதனச் சின்னங்களுக்கு உரிமை தருவதில்லை. இந்தப் பாகுபாடு மிகவும் நியாயமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தங்கம் எந்தப் பள்ளத்தில் கிடைத்தாலும் உருக்கியபின் ஒரே தங்கம்தான். லாடமோ எந்த மரத்தடியில், எந்தக் குழியின் ஓரத்தில் கிடந்தது என்பதை இழந்துவிட்டால் வெறும் இரும்பு. பழம்பொருள் கடைகளில் இத்தகைய கொக்கிகளையும் பொத்தான்களையும் விலை எழுதி அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அதே கருவியால் நற்காரியமும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில், 1876-இல் கஸ்டர் என்னும் தளபதி தம் வீரர்களோடு மடிந்த போர்க்களத்தில், 1983-இல் புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெளிப்பட்டது. மறுவருஷம் தொல்லியல் அறிஞர்கள் தொண்டர்களைக் கருவிகளோடு வரிசையாக நடக்கவிட்டு, ஓசை எழுந்த இடந்தோறும் கொடி நட்டு, எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு தோட்டாவின் இடத்தையும் பதிவு செய்தார்கள். தோட்டாக் கூட்டின் அடியில் பதிந்த சுடும் ஊசியின் தடத்தை ஒப்பிட்டு, இன்ன துப்பாக்கி இங்கிருந்து அங்கே நகர்ந்தது என்றுகூட நிர்ணயிக்க முடிந்தது. மோலியாகலின் பள்ளத்தாக்குகளிலும் அவ்வாறே அடி அடியாக நடந்து குறித்தால், லாடங்கள் நெருங்கிக் கிடக்கும் கோடு தண்ணீருக்குப் போன பாதையாக இருக்கலாம்; தகரமும் ஆணியும் செறிந்த திட்டு கூடார வரிசையாகலாம்; சதுரத் துளைக் காசுகள் சீனர் குடியிருப்பின் எல்லையைக் காட்டலாம். திரும்பி வரும் வழியில் இதை நான் சொன்னபோது, யாரேனும் முறைப்படி தொடங்கினால் கருவியோடு வந்து நிற்பதாகவும், வார இறுதியில் இந்தக் காடுகளில் தாம் சந்திக்கும் பலரும் அப்படியே வருவார்கள் என்றும் சிநேகிதர் சொன்னார்.