இரைப்பையை யாரிடம் கொடுப்பது

ஜூன் 5, 2025, வியாழன்

உயரம் 156 சென்டிமீட்டர், எடை 92 கிலோ, பிஎம்ஐ 37.8. மார்த்தாண்டத்துச் சர்க்கரை டாக்டர் சீட்டின் ஓரத்தில் இதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6. "மாத்திரையக் கூட்டிக்கிட்டே போய் பிரயோஜனமில்லம்மா. ஆபரேஷன் பத்தி ஒரு சர்ஜன்கிட்டப் பேசிப் பாருங்க" என்றார்.

நம்மவர்களுக்கு வயிற்றைச் சுற்றித்தான் கொழுப்பு சேரும். வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை பிடித்துவிடும். அதனால் 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடி எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குத் தனி பிஎம்ஐ வரம்பு வகுத்தார்கள். சர்க்கரை, பிரஷர் போன்ற நோய் இருந்தால் 32.5, எதுவும் இல்லையென்றால் 37.5. காப்பீட்டுக் கம்பெனிக்குக் கணக்கு வேறு. 2019-இல் காப்பீட்டு ஆணையம் போட்ட விதிப்படி பிஎம்ஐ 40 வேண்டும். 35-க்கு மேல் என்றால் அடங்காத சர்க்கரையோ, இதய நோயோ, தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயோ கூடவே இருக்க வேண்டும். என் சர்க்கரை அடங்காமல் கிடப்பதால் எனக்குப் பணம் கிடைக்கலாம். பத்தியமாக இருந்து 6.5-க்கு இறக்கியிருந்தால் கிடைக்காது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் சொல்ல?

அம்மா கேட்டுவிட்டு மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். "நல்ல ஒடம்பப் போய் கீறணுமா மக்களே? ராத்திரி கஞ்சியக் கொறச்சா போராதா?"

கஞ்சியைக் குறைத்தேன். கிழங்கை விட்டேன். திற்பரப்பு ரோட்டில் விடியற்காலையில் நடந்தேன். இறங்கிய கிலோவெல்லாம் ஓணத்துக்கு ஓணம் திரும்பி வந்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

மைனி வந்திருந்தாள். பேச்சு வளர்வதற்குள் இரண்டு சாவைச் சொல்லிவிட்டாள்.

ஒன்று, 2022 மே மாதம் பெங்களூரில் இறந்த கன்னட நடிகை சேத்தனா ராஜ். அது கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற அழகு சிகிச்சை. இரைப்பையைத் தொடுகிற காரியம் இல்லை, சர்க்கரையை இறக்குவதும் இல்லை. ஊரில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகத்தான் நினைக்கிறார்கள். மைனிக்கு விளக்கினேன். "எல்லாம் கத்திதானே" என்று முடித்துவிட்டாள்.

இன்னொன்றை அப்படித் தள்ள முடியவில்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரிக்காரப் பையன் ஒருவன், வயது 26, எடையைக் குறைக்கச் சென்னை பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனான். அறுவை தொடங்கிய சற்று நேரத்தில் நிலைமை மோசமாகி வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்துபோனான். அரசு விசாரணைக் குழு போட்டது, மருத்துவமனையின் பதிவை நிறுத்தி வைத்தது. அந்த நாட்களில் டிவியில் அவன் பெற்றோர் பேசியதை நானும் பார்த்திருக்கிறேன்.

எந்த ஆபரேஷன், ஸ்லீவா பைபாஸா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பையனின் ஆம்புலன்ஸ் மனதை விட்டுப் போகவில்லை. மேசையில் கிடக்கும்போது ஏதாவது ஆனால் அதே கட்டடத்துக்குள் என்னைக் காப்பாற்ற ஆளும் கருவியும் இருக்கிறதா? இதற்குப் பதில் வராத இடத்தில் மற்றதைப் பேசியே பயனில்லை.

ஜூன் 13, வெள்ளி

மழை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனதால் எங்கள் கடையில் ஷீட் வரத்தும் இல்லை. படிக்க நேரம் கிடைத்தது.

1966-இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் தொடங்கிவைத்தது பைபாஸ். இன்று செய்கிற முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் 30 மில்லி கொள்கிற அளவுக்கு ஒரு சிறு பையைப் பிரித்து, அதில் சிறுகுடலைக் கொண்டுவந்து இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும். இணைப்பு இரண்டு. மினி பைபாஸ் என்பதில் பை நீளம், இணைப்பு ஒன்று. ஸ்லீவில் குடலைத் தொடுவதில்லை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிட்டு ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். நாட்டில் அதிகம் நடப்பது ஸ்லீவ்தான். சீக்கிரம் முடியும், குடல் இடம் மாறாது, சத்துக் குறைவும் கொஞ்சம் கம்மி. ஆனால் வெட்டி எடுத்ததைத் திருப்பி வைக்க வழியில்லை.

எனக்கு நெஞ்செரிச்சல் பல வருஷப் பழக்கம். ராத்திரி இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாது. சுவிட்சர்லாந்தில் இரண்டு முறைகளையும் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்து, ஐந்து வருஷம் கழித்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. எடை குறைந்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. எரிச்சல் இருந்தவர்களில் அது முற்றியது ஸ்லீவில் 31.8 சதவீதம் பேருக்கு, பைபாஸில் 6.3 சதவீதம் பேருக்கு. அப்படியானால் பைபாஸ் என்று எழுந்துவிடலாம். ஆனால் என் முட்டு விடவில்லை. முட்டுவலிக்கு டைக்ளோபெனாக் விழுங்கித்தான் படி ஏறுகிறேன். பைபாஸ் செய்தவர்கள் அந்த வகை வலி மாத்திரையைத் தொடக்கூடாது. இணைத்த இடத்தில் புண் வரும், சில நேரம் ஓட்டையே விழும்.

நெஞ்சு ஒரு பக்கம் இழுக்கிறது, முட்டு ஒரு பக்கம். இதற்குத்தான் சர்ஜன் வேண்டும். இரண்டையும் கேட்டுவிட்டு ஒன்றைச் சொல்கிறவர், காரணத்தோடு சொல்கிறவர்.

ஜூன் 18, புதன்

முதல் ஆலோசனைக்குப் போய்வந்தோம். ஊரையும் பெயரையும் எழுதப் போவதில்லை. கண்ணாடிக் கட்டடம், வாசலிலேயே மெலிந்தவர்களின் முன்-பின் படங்கள். உட்காரவைத்துப் பேசியது கவுன்சிலர் என்று அறிமுகம் செய்துகொண்ட ஒரு பெண். நல்ல பெண், நல்ல தமிழ். ஸ்லீவ் பேக்கேஜ் இவ்வளவு, ரோபோ வேண்டுமென்றால் மேலே இவ்வளவு, இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி. சர்ஜன் கடைசியில் எட்டிப் பார்த்தார். நெஞ்செரிச்சலைச் சொன்னேன். "எடை குறைஞ்சா அதுவும் சரியாயிடும்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார். எண்டோஸ்கோபி என்ற சொல்லே அங்கே எழவில்லை.

ரோபோவைப் பற்றி ஒரு வார்த்தை. அது தானாக வெட்டுவதில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதன் கைகளை ஆட்டுவது சர்ஜன்தான். மிக அதிக எடை உள்ளவர்களுக்கும் இரண்டாம் முறை ஆபரேஷனுக்கும் கைக்கு வசதி என்கிறார்கள். முதல்முறை ஆபரேஷனில் லேப்ராஸ்கோப்பியைவிட நோயாளிக்கு நன்மை கூடும் என்று தெளிவாகக் காட்டியதாக நான் எங்கும் படிக்கவில்லை. செலவு கூடும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே குரல்.

காரில் வரும்போது என் வீட்டுக்காரர் தள்ளுபடியைத்தான் பேசிக்கொண்டு வந்தார். "இன்னும் கொஞ்சம் அமத்திக் கேட்டா கொறப்பான் பாத்துக்க." தினமும் காலையில் கோட்டயம் ரப்பர் விலை பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிற மனிதர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

அண்ணன் மகன் மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். "அத்தே, ஒங்களுக்குன்னே ஒரு பேப்பர் இருக்கு" என்று போனில் வாசித்துக் காட்டினான். 2013-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் பிர்க்மேயர் என்பவரும் கூட்டாளிகளும் எழுதியது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் கெட்டது என்றே சொல்ல வேண்டும்.

மிச்சிகன் மாநிலத்தில் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்கிற 20 சர்ஜன்கள், தாங்கள் செய்த ஒரு பைபாஸின் வீடியோவை அவர்களே தேர்ந்து கொடுத்தார்கள். பெயரை மறைத்து, சக சர்ஜன்கள் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். திசுவை எப்படிப் பிடிக்கிறார், கை எங்கே தயங்குகிறது, எங்கே வீணாக அலைகிறது என்று. ஐந்துக்கு 2.6 வாங்கியவரும் உண்டு, 4.8 வாங்கியவரும் உண்டு. பிறகு அந்த மதிப்பெண்ணை அவரவர் நோயாளிகளின் கதியோடு வைத்துப் பார்த்தார்கள். கடைசிக் கால்வாசி சர்ஜன்களிடம் சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால்வாசியிடம் 5.2. சாவு 0.26 சதவீதத்துக்கு 0.05. கை சுத்தமானவர்கள் 98 நிமிஷத்தில் முடித்ததை மற்றவர்கள் 137 நிமிஷம் இழுத்திருக்கிறார்கள்.

என்னைப் பிடித்து உலுக்கியது அடுத்த வரி. எத்தனை வருஷ அனுபவம், சிறப்புப் பயிற்சி உண்டா, வேலை செய்வது கல்லூரி மருத்துவமனையிலா, இவை எதற்கும் அந்த மதிப்பெண்ணோடு சம்பந்தம் இல்லை. சம்பந்தம் இருந்தது ஒன்றோடுதான்: வருஷத்துக்கு எத்தனை செய்கிறார் என்பது. நாம் என்ன பார்க்கிறோம்? நரைத்த தலை, பெயருக்குப் பின்னால் எழுத்து, சுவரில் மாட்டிய பட்டம்.

இவர் ஷீட் வாங்கும்போது ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். குமிழி, அழுக்கு, புகை சரியாக ஏறாத இடம் எல்லாம் தெரிந்துவிடும், விற்கிறவன் வாய்க்கு அங்கே வேலையில்லை. சர்ஜனை அப்படிப் பிடித்துப் பார்க்க நோயாளிக்கு வழி கிடையாது. மிச்சிகன்காரர்கள் ஒருமுறை பிடித்துப் பார்த்தார்கள், அதிலும் பெயரை வெளியே சொல்லவில்லை. நமக்கு மிஞ்சுவது கேள்வி ஒன்றுதான். அதையாவது கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

எடை குறைக்கிற வெகோவி ஊசி இந்தியாவுக்கு வந்துவிட்டதாம், அந்தச் செய்தியை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. மவுஞ்சாரோ மார்ச்சிலேயே வந்தது. 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய், வாரம் ஒன்று. மாசத்துக்கு 17,500. நல்ல மருந்துதான், உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை குறைந்தவர்கள் உண்டு. ஆனால் வெகோவியை நிறுத்தியவர்களுக்கு இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பியது. ஆயுளுக்கும் அந்தப் பணத்தைக் கட்ட எங்கள் கடை தாங்காது. ஊசியை நான் தாழ்த்திப் பேசவில்லை. விலை இறங்கினால் என் மாதிரி ஆட்களின் கணக்கே மாறிப்போகும்.

ஜூலை 5, சனி

எங்கே செய்வது என்று வீட்டில் பெரிய வழக்கு. இவருக்குச் சென்னை. அண்ணனுக்குக் கோயம்புத்தூர், லேப்ராஸ்கோப்பிக்குப் பேர்போன டாக்டர் பழனிவேலுவின் ஜெம் மருத்துவமனை. இரண்டும் நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு ஆபரேஷன் மேசையைவிட வீட்டுக்கு வந்த பிறகுள்ள வாரங்கள்தான் பயம். தையல் கசிந்தால் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் கசியும். வயிறு வலிப்பதற்கு முன்பே நாடி 120-ஐத் தாண்டி ஓடுமாம். அப்போது அனந்தபுரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் தேட முடியுமா? திருவனந்தபுரம் என்றால் களியக்காவிளை நெரிசலையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள். 1956-இல் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் குலசேகரத்துக்காரனின் பெரிய ஆஸ்பத்திரி இன்றைக்கும் அந்தப் பக்கம்தான்.

ஜூலை 12, சனி

திருவனந்தபுரம். இந்த சர்ஜன் வயதில் என் தம்பி மாதிரி. கையில் தாளை வைத்துக்கொண்டு கேட்டேன். வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், முழுக்க நீங்களே செய்வீர்களா, போன வருஷம் எத்தனை பேருக்குக் கசிந்தது, கசிந்தால் ராத்திரியில் யார் வருவார்கள். கோபப்படுவாரோ என்று இவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அவர் கோபப்படவில்லை. கசிந்தவர்கள் உண்டு என்றார். ஒருவரை மறுபடி திறந்ததையும், அவர் வெகுநாள் ஐசியூவில் கிடந்ததையும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. சொல்வதற்குச் சிக்கலே இல்லாத சர்ஜன் ஒன்று குறைவாகச் செய்கிறவர், இல்லையென்றால் பொய் சொல்கிறவர்.

அவரும் என்னைக் கேட்டார். குறட்டை உண்டா, ராத்திரியில் மூச்சடைத்து விழிப்பு வருமா, மாதவிலக்கில் ரத்தம் எவ்வளவு போகும், வீட்டில் யார் சமையல். "ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி நிக்கலைன்னா மொதல்ல எங்க போவீங்க?" ஊரிலேயே மூகாம்பிகா மருத்துவக் கல்லூரி இருப்பதைச் சொன்னேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எண்டோஸ்கோபி பார்க்காமல் எந்த ஆபரேஷன் என்று சொல்லமாட்டேன் என்றார்.

ஜூலை 19, சனி

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடியில் புண், இரைப்பையின் ஒரு துண்டு மேலே ஏறி நிற்கிறது. பைபாஸ்தான், ரோபோ வேண்டாம். முட்டுக்கு எலும்பு டாக்டரைப் பார்த்து இப்போதே பாராசிட்டமாலுக்கு மாற வேண்டும், மாற முடியாதென்றால் தேதியே கிடையாது. இரும்பு, கால்சியம், பி12 ஆயுள் முழுக்க. வேகமாக மெலியும்போது பித்தக்கல் வரும், அதைத் தடுக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை. ஈரல் சுருங்க முந்தைய இரண்டு வாரம் பத்திய உணவு. செப்டம்பர் 5 திருவோணம், அந்தப் பத்தியத்தில் பாயசம் பார்க்கவே முடியாது என்பதால் ஓணம் கழித்துத் தேதி கேட்டேன். சிரித்துவிட்டுக் கொடுத்தார்.

தொகை, பேக்கேஜ்காரர்கள் சொன்னதைவிடக் கூடுதல். இவர் வாயைத் திறக்கப் போனார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

ஜூலை 20, ஞாயிறு

காப்பீட்டுக்குக் கடிதங்கள் எல்லாம் போயாயிற்று. சாயங்காலம் டயட்டீஷியன் கொடுத்த தாளை அம்மாவுக்கு வாசித்தேன். முதலில் தண்ணிதான், பிறகு கூழ் பதம், பிறகு மசித்தது. கெட்டிச் சாப்பாடு வந்ததும் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும். கருப்பட்டிக் காப்பியோ பாயசமோ உள்ளே போனால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்குமாகப் படுக்கவைத்துவிடும்.

"கெழங்கும் மீனும்?" என்றாள் அம்மா.

மீனை முதலில் தின்ன வேண்டும், இடம் இருந்தால் பிறகு கிழங்கு என்றேன்.

"மீனே எடத்த அடச்சிரும். கெழங்கு எங்க போவும்?" என்றவள், கொஞ்சம் கழித்து, அந்த சர்ஜனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். அதை நான் தாளில் எழுதிப் போகவில்லை.